இரட்டையர் ஆட்டமும் டென்னிஸ்தான்

இரட்டையர் டென்னிஸ் வீரர் ரோஹன் போபண்ணாவின் ஓய்வு பற்றி நான் எழுதிய பதிவுக்குக் கீழே, கமெண்ட்களில் நேற்று நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. "ஒற்றையர் ஆடத் துப்பில்லாதவர்கள் ஒதுங்குற இடம்தானே இரட்டையர், இதுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்ற அந்த ஒரு வரி ராத்திரி முழுக்க உறுத்தியது. அதற்கு லைக் போட்டவர்களில் நான் மதிக்கிற சிலரும் இருந்தது இன்னும் உறுத்தியது.

இரட்டையர் ஆட்டமும் டென்னிஸ்தான். நாலு பேரும் நெட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் பந்து போய்த் திரும்பி வருவதற்குள் மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. ஒதுங்குகிற இடமா அது?

துப்பில்லை என்கிறீர்களே, 2010 செப்டம்பரில் நம்ம சென்னையில் நடந்தது மறந்துவிட்டதா? நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில், ஐந்து ஆட்டங்கள் கொண்ட மோதலில் பிரேசிலிடம் இந்தியா 0-2 என்று பின்தங்கியிருந்தது. பயஸும் பூபதியும் இரட்டையரில் ஒன்றை மீட்டார்கள், சோம்தேவ் ஒற்றையரில் இன்னொன்றை. 2-2. எல்லாமே தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கடைசி ஒற்றையர் ஆட்டத்தில் இறங்கி, ரிக்கார்டோ மெல்லோவை நேர் செட்களில் ஜெயித்தவர் யார்? போபண்ணாதான். ஒற்றையர் தரவரிசையில் அவர் 213-ஐத் தாண்டி மேலே போகவில்லை, சரி, உண்மைதான். உலகத்தில் 213-வது ஆள் என்றால் அவ்வளவு இளப்பமா?

கல்லூரி அணியில் நானும் இரட்டையர் ஆடியவன். பார்ட்னர் சர்வ் போடும்போது நெட்டில் குனிந்து நின்றபடி முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டுவேன். மூடிய கை என்றால் நகரமாட்டேன், விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன். பின்னாலிருந்து "சரி" என்ற குரல் மட்டும் கேட்கும். முகத்துக்கு நேராக வரும் ரிட்டர்னுக்குக் கண்ணை மூடாமல் நிற்கப் பழகவே மாதக்கணக்கில் ஆனது. ஒரு போட்டியில் கோப்பையோடு திரும்பினோம். நோட்டீஸ் போர்டில் ஒட்டியதோ, அரையிறுதியில் தோற்ற ஒற்றையர் பையனின் படத்தை. இன்னும் வலிக்கிறதா என்றால், ஆமாம், வலிக்கிறது.

"பெரிய ஒற்றையர் வீரர்கள் இறங்கினால் இவர்கள் இருக்கிற இடம் தெரியாமல் போவார்கள்" என்று இன்னொருவர். இறங்கினார்களே! 2025 அமெரிக்க ஓபனில், ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் கலப்பு இரட்டையரையே அவர்களுக்காக மாற்றி அமைத்தார்கள். கடைசியில் இறுதிப் போட்டியில் ஒற்றையர் நட்சத்திரங்களான ஸ்வியாடெக் - ரூட் ஜோடியைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது, முந்தைய ஆண்டும் அதை ஜெயித்திருந்த எர்ரானி - வவசோரி என்ற இரட்டையர் ஜோடிதான். அந்த வவசோரி யார் தெரியுமா? 2024 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் பொலெல்லியோடு சேர்ந்து ஆடி, போபண்ணா - எப்டென் ஜோடியிடம் 7-6, 7-5 என்று தோற்றவர்.

"43 வயசுல ஜெயிக்க முடியுதுன்னா அது சுலபம்தானே" என்பதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகா செய்து காலை மீட்டுக்கொண்டு வந்த மனிதர் அவர். 2010 அமெரிக்க ஓபன் இறுதியில் பாகிஸ்தான் வீரர் குரேஷியோடு ஆடி, பிரையன் சகோதரர்களிடம் இரண்டு செட்டையும் டை-பிரேக்கில், அதாவது 6-6 என்று சமமான பிறகு ஆடும் கடைசி கேமில், இழந்தார். 2023-இல் அதே இடத்தில், இறுதியில், மறுபடியும் தோல்வி. அதற்கப்புறம்தான் மெல்போர்னில் அந்த 2024 ஆஸ்திரேலிய ஓபன் வெற்றி, அதையொட்டி இரட்டையரில் உலகின் முதலிடம். பதினாலு வருஷம் காத்திருந்து பாருங்கள், அப்புறம் சுலபமா என்று பேசலாம்.

பணமாவது கொட்டுகிறதா? அந்த ஆண்டு மெல்போர்னில் ஒற்றையர் சாம்பியனுக்கு 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். இரட்டையரில் ஜோடிக்கே 7.3 லட்சம்தான், அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று அத்தனை பேர் பேசினீர்களே, என் பக்கம் நின்றவர்கள்கூட எப்டென் பெயரைச் சொல்லவில்லை. போபண்ணா தனியாகவா ஆடினார்? அதே 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜான் பியர்ஸோடு சேர்ந்து தங்கம் வாங்கியவர் எப்டென். அடுத்த பதிவு அவரைப் பற்றித்தான், இதைவிட நீளமாக. பிடிக்காதவர்கள் இப்போதே கிளம்பலாம்.