வலிக்கும் வரை இழுக்கத் தேவையில்லை

வலி தெரியும் வரை உடலை இழுத்தால்தான் பெல்டன்கிரைஸ் பயிற்சியில் (உடல் அசைவுகளைக் கவனித்துக் கற்கும் முறை) பலன் உண்டு என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்கிறார்கள். அந்த முறை அப்படி இல்லைங்க. மோஷே பெல்டன்கிரைஸ் (1904–1984) வகுத்த பாடங்களில் அசைவுகள் சிறியவை, மெதுவானவை. வலி வருமுன்பே நிறுத்தச் சொல்வார்கள், நடுநடுவே ஓய்வும் உண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்தும் பாடத்தின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டாலே இது தெரிந்துவிடும்.

நீங்களே சோதிக்கவும் செய்யலாம். உட்கார்ந்தபடி தலையை முடிந்த மட்டும் ஒரு பக்கம் திருப்புங்கள். பலருக்கு மூச்சு அடைபடும், தாடை இறுகும். சரி, இப்போது அதில் பாதியளவு, மெதுவாக. தோளும் விலாவும் சேர்ந்து நகர்கிறதா என்று கவனிக்க இடம் கிடைக்கும். அந்தக் கவனிப்புதான் பாடமே. ஏற்கெனவே கழுத்துவலி இருப்பவர்கள் தலையை முடிந்த மட்டும் திருப்பும் முதல் பகுதியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.