தூணை வாங்குகிறோம், முற்றத்தை விட்டுவிடுகிறோம்

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். இப்போது வீடு கட்ட வருகிறவர்கள் எல்லாரும் போனில் படத்தோடுதான் வருகிறார்கள். சிங்கப்பூரில், துபாயில், அமெரிக்காவில் பார்த்த வீட்டைக் காட்டி, "அண்ணே, இது அப்படியே வேணும்" என்கிறார்கள். பாடுபட்டுச் சம்பாதித்த காசில் வசதியாக வாழ ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த வசதி எந்த ஊர் வெயிலுக்காக, எந்த ஊர் குளிருக்காக வந்தது என்று யாரும் ஒரு நிமிஷம் யோசிப்பதில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பின்லாந்தில் அடுக்குமாடி வீட்டுக்குள்கூட சவுனா என்கிற வெக்கைக் குளியல் அறை இருக்கும். வருஷத்தில் பல மாதம் பனியில் கிடக்கிற நாட்டில் அந்த வெக்கை ஒரு சுகம். கொரியாவில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும். தரையில் உட்கார்ந்து, தரையிலேயே படுத்துப் பழகிய ஜனங்கள் அவர்கள். சிங்கப்பூரில் 1998 வாக்கில் இருந்து கட்டுகிற அரசு அடுக்குமாடி வீடுகளில், போர் வந்தால் ஒளிந்துகொள்ள, இரும்புக் கதவு போட்ட பதுங்கறை உண்டு. நம் ஆட்கள் அதில் அரிசி மூட்டை அடுக்கினாலும் அது அந்த நாட்டின் பயத்துக்குக் கட்டியது. ஈரானில் யஸ்த் நகரத்துப் பழைய மாளிகைகளில் காற்றுக் கோபுரம் இருக்கும். உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கிவிடுகிற ஏற்பாடு. துபாயின் பழைய பகுதியான அல் ஃபாகிதியில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம்.

இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தந்த ஊருக்கு அது அது சரி.

நம்மிடம் அதிகம் கேட்கிறது கண்ணாடிச் சுவர். குளிர் நாட்டில் வெயில் முகம் காட்டுவதே அபூர்வம். வருகிற கொஞ்ச வெயிலையும் வீட்டுக்குள் கூப்பிடக் கண்ணாடி வைக்கிறார்கள். அதையே மேற்குப் பார்த்த மனையில், சித்திரை வெயிலுக்கு நேராக வைத்தால் என்ன ஆகும்? மூன்று மணிக்கு மேல் ஹாலில் உட்கார முடியாது. அப்புறம் ஏசி, ஏசி பில்லுக்குப் பயந்து கனத்த திரை. கடைசியில் கண்ணாடி வழியாக எதுவும் தெரியாது, கரண்ட் பில் மட்டும் வரும்.

எங்கள் செட்டிநாட்டில், கடல் கடந்து வியாபாரம் செய்த நகரத்தார் கட்டிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் பார்த்து வாய்பிளக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடல் தாண்டி அவர்கள் கொண்டுவந்தது சாமான்தான். வீட்டின் அமைப்பை இந்த மண்ணில் இருந்துதான் எடுத்தார்கள். நாம் அமைப்பையே இறக்குமதி செய்கிறோம்.

அந்த வீடுகளில் முகப்பு, வளவு என்கிற திறந்த முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் போகும். முன்வாசலில் நின்றால் அடுத்த தெருவைப் பார்த்த பின்வாசல் தெரியும். இரண்டு கதவையும் திறந்து வைத்தால் காற்று ஊடே ஓடும், வளவின் திறப்பு வழியாகச் சூடு மேலே ஏறிப் போய்விடும். சுவர் கனமான செங்கல் கட்டு. பூச்சு சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துத் தேய்த்தது. மே மாதத்தில் தெருவில் இருந்து உள்ளே போய், அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

மழையையும் அவர்கள் விடவில்லை. நாட்டு ஓட்டுக் கூரை வளவுப் பக்கம் சாய்ந்திருக்கும். ஐப்பசி அடைமழையில் நாலு மூலையிலும் தண்ணீர் கொட்ட, அடியில் அண்டாவையும் கிடாரத்தையும் வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003இல். இந்த வீடுகள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்னால் கட்டியவை.

பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்கிற தரைக்கல்லையும் சொல்லணும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணச் சிமென்டைக் கரண்டியால் அளவாக ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். சூளை கிடையாது, கரண்ட் கிடையாது. அடியில் இருந்த கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. நடக்க நடக்க மெருகு ஏறும், வெறுங்காலுக்கு ஜில்லென்று இருக்கும். இது பக்கத்தில் கிடைக்கும்போது ஈரத்தில் வழுக்கும் பெரிய டைல்ஸை லாரி வைத்து வரவழைக்கிறோம்.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதோடு நகரத்தாருக்கு அங்கே இருந்த தொழிலும் பணமும் போயின. பங்காளிகள் பெருகினார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன, பிறகு இடிபட்டன. செட்டிநாட்டு ஊர்களை 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்த பிறகும் இடிப்பு நிற்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூண், கதவு, மரப்பெட்டி என்று குவிந்து கிடக்கின்றன. வாங்குகிறவர்கள் கடற்கரை பங்களாவின் ஏசி ஹாலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். கூரையைத் தாங்கி முற்றத்துக்கு நிழல் கொடுத்த தூண் அங்கே எதையும் தாங்குவதில்லை. எனக்கு வயிறு எரியும்.

பழைய வீட்டை அப்படியே கட்டச் சொல்லவில்லை. கழிப்பறை கொல்லையில் இருந்தது. பெண்கள் இரண்டாம் கட்டோடு நிற்க வேண்டியிருந்தது. புதுசாகக் கல்யாணமானவர்களுக்குக் கொடுத்த அறையில் வெளிச்சமே இருக்காது. அதெல்லாம் போனது நல்லதுதான்.

சமீபத்தில் ஒரு வீட்டுக்கு ஹோம் தியேட்டர், ஜிம், திறந்த சமையலறை எல்லாம் போட்டு பிளானைக் காட்டினேன். மகனுக்குத் திருப்தி. அவருடைய அம்மா நிதானமாகப் பார்த்துவிட்டு, "தம்பி, வத்தல் எங்க காயப்போடுறது? தூறல் விழுந்தா ஓடிப்போய் அள்ளத் தோதா இருக்கணும்ல?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மகனே, "தியேட்டரை மாடிக்குக் கொண்டு போயிருங்கண்ணே" என்றார். அந்த இடத்தில் பன்னிரண்டுக்குப் பத்தில் ஒரு முற்றம் வந்தது. அடுப்படியும் அதை ஒட்டியே வந்ததால் தாளிப்பு நெடி இனி ஹாலுக்குள் சுற்றாது.

திருட்டு பயம் என்பார்கள். மேலே இரும்புக் கம்பி போடலாம். கொசு என்பார்கள், கம்பிக்கு மேல் வலை அடிக்கலாம். சாரல் அடிக்கும் என்பார்கள். கூரையை இரண்டு அடி நீட்டி, தரையை வாட்டமாக இறக்கினால் போதும். ஹோம் தியேட்டருக்கு ஆகிற செலவில் பாதிகூட ஆகாது.

வீட்டை இடித்தே ஆகவேண்டும் என்கிற நிலையில் இருப்பவர்கள் தூணுக்கு விலை பேசுவதற்கு முன்னால் முழு வீட்டையும் அளந்து ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் காற்று, எங்கே தண்ணீர் இறங்குகிறது, கூரை எவ்வளவு சாய்வு என்று எல்லாம் அதில் இருக்கும்; பிள்ளைகள் கட்டப்போகிற வீட்டுக்கு உதவும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் என்றால் சொல்லுங்கள். நானே வந்து அளந்து தருகிறேன், காசு வேண்டாம்.