கொடுக்க எனக்கு இன்னும் கை இருக்கிறது

அந்தக் குரல்பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மூன்று நாளில் எனக்கே ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள், "அக்கா, இதைக் கேட்டீங்களா?" என்று. கேட்டேன். நாலாவது கீமோ ஊசி போட்டு ஆறாம் நாள், இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்த ராத்திரியில், வீட்டுக்காரர் முழித்துவிடக் கூடாதே என்று ஃபோனைக் காதோடு ஒட்டி வைத்து இரண்டு தடவை கேட்டேன்.

"முடி கொட்டின தலையைப் படம் பிடிச்சுப் போட்டு, ஆப்பிரிக்காக்காரன் பள்ளிக்கூடத்துக்கு வசூல் பண்ணுது அந்தம்மா. முதல்ல தன் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்க. நாளைக்கு அதுக்கே நாமதான் வசூல் பண்ண வேண்டியிருக்கும்."

பேசியவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பதினைந்து வருஷமாக நான் அண்ணே என்று கூப்பிடுகிற மனிதர். முடியைப் பற்றிச் சொன்னது வலித்தது, அது ஆறிவிடும். ஆறாதது கடைசி வரி. நோய் வந்த அன்றைக்கே என்னை வாங்கிக்கொள்கிறவர்கள் பக்கம் தூக்கி உட்காரவைத்துவிட்டார். இனிமேல் மற்றவர்கள் கொடுப்பார்கள், நான் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் படுத்திருக்க வேண்டும். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு வந்திருப்பது லிம்ஃபோமா என்ற புற்றுநோய். அது என் நிணநீர்க் கணுக்களில் இருக்கிறது. கொடுக்கிற கையை அது எடுத்துக்கொள்ளவில்லை.

உடம்பைப் பார் என்கிறீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 21 நாளுக்கு ஒரு ஊசி, மொத்தம் ஆறு. ஒவ்வொரு தடவையும் முதல் ஐந்து நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. அதை விழுங்கியவர்களுக்குத் தெரியும், தூக்கம் என்பதே கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு ஓய்ந்து கிடக்கும், மூளை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை அந்த ஐந்து ராத்திரியும் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, எனக்குப் பிறகு இந்த வீட்டில் யார் யார் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். இரண்டாவது தடவை எழுந்து உட்கார்ந்து கணக்கு நோட்டை எடுத்தேன். யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை, சிமெண்ட் எத்தனை மூட்டை, தகரம் எத்தனை. விடிந்துவிட்டது. அந்த நோட்டைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் நான் நோயாளி இல்லை. மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்கிறேன். "தாராளமா பண்ணுங்க, கூட்டத்துக்குள்ள போகாதீங்க, காய்ச்சல் அடிச்சா உடனே வாங்க" என்றார். வைத்தியச் செலவுக்கு இதுவரை யாரிடமும் ஒரு காசு கேட்டதில்லை. நாளைக்குக் கேட்க நேர்ந்தாலும் அது வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை. ஆனால் இன்றைக்கு நான் கேட்பது அதற்கு இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு.

எந்தப் பள்ளிக்கூடம் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு உகாண்டாவில் ஜிஞ்சா பக்கம் கரும்பாலையில் வேலை. 2004இல் போனோம், பதிமூன்று வருஷம் இருந்தோம். விக்டோரியா ஏரியிலிருந்து நைல் புறப்படுகிற ஊர் ஜிஞ்சா. அங்கிருந்து உள்ளே போனால் கண்ணுக்கெட்டிய வரை கரும்பு, நடுவில் ஒரு அரசு தொடக்கப் பள்ளி. சும்மா இருக்கிறோமே என்று கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனேன். முதல் நாள் ஒன்றாம் வகுப்பில் 118 பிள்ளைகள். பெஞ்சு எட்டு. மிச்சம் எல்லாம் தரையில்.

ஏன் இவ்வளவு கூட்டம் என்று பிறகுதான் புரிந்தது. 1997இல் உகாண்டா அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் 30 லட்சத்துச் சொச்சம் இருந்த பிள்ளைகள் ஒரே வருஷத்தில் 50 லட்சத்தைத் தாண்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பிள்ளைகள் வந்த வேகத்துக்கு வகுப்பறை வரவில்லை, வாத்தியார் வரவில்லை, கழிப்பறையும் வரவில்லை. கட்டணம் இல்லை என்றாலும் சீருடைக்கு, நோட்டுக்கு, மத்தியானச் சோளக் களிக்கு வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். போஷோ என்பார்கள் அந்தக் களியை, அவரையோடு. அந்தப் பணம் வராத வீட்டுப் பிள்ளை மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். நான் பார்த்தது இது.

போன வருஷம் அவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று தோன்றியபோது, நூலகம் கட்டலாம் என்று நான்தான் சொன்னேன். தலைமை ஆசிரியை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மேடம், புத்தகம் படிக்கப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டுமே. எங்களுக்குக் கதவு உள்ள கழிப்பறை கட்டிக் கொடுங்கள்" என்றார். ஐந்தாம் வகுப்பு தாண்டிய பெண் பிள்ளைகள் மாதத்தில் நாலு நாள் வருவதில்லை. நாலு நாள் ஆறு நாளாகும், பிறகு ஒரு நாள் வரவே வராது. அதற்கு மேல் கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளை உகாண்டா 2022 ஜனவரியில்தான் முழுதாகத் திறந்தது. உலகத்திலேயே அவ்வளவு நாள் மூடி வைத்த நாடு வேறில்லை. நான் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்த குழந்தைகளின் தங்கைமார் ஏழு பேர் திரும்பி வரவில்லை என்று அந்த அம்மா பெயர் சொல்லிச் சொன்னார். சிலர் கையில் குழந்தை.

சரி, "ஏன் ஆப்பிரிக்கா, வேறு ஏழைப் பிள்ளைகளே கண்ணில் படவில்லையா" என்று கேட்கிறவர்களுக்கு வருகிறேன். நான் வாழ்ந்த இடம் அது, பெயர் தெரிந்த பிள்ளைகள் அவர்கள், அதுவே போதும். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் நோய் வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

என் கையில் ஏறும் மருந்துகளில் ஒன்று சைக்ளோபாஸ்பமைடு. இன்னொன்று வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்தது. அந்தச் செடியின் பூர்வீகம் மடகாஸ்கர். 1950களின் கடைசியில் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் உள்ள முலாகோ மருத்துவமனையில் டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர், தாடை வீங்கி வந்த பிள்ளைகளைப் பார்க்கிறார். 1958இல் அதைப் பற்றி எழுதுகிறார். 1961இல் இரண்டு நண்பர்களோடு ஒரு பழைய ஃபோர்டு வண்டியில் சுமார் 10,000 மைல் சுற்றி, எந்தெந்த ஊரில் இந்த நோய் இருக்கிறது என்று மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேட்கிறார். அது ஒரு வகை லிம்ஃபோமா. என் நோயின் உறவுக்கார நோய். அங்கே கதிர்வீச்சு வசதி இல்லை. அதனால் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்துகளில் சைக்ளோபாஸ்பமைடும் வின்கிரிஸ்டினும் உண்டு. கட்டி கரைந்தது, சில பிள்ளைகளுக்குத் திரும்பி வரவே இல்லை. மருந்தாலேயே லிம்ஃபோமாவைக் கரைக்கலாம் என்று மருத்துவ உலகம் நம்பத் தொடங்கியதில் அந்தப் பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் கட்டித் துண்டு லண்டனுக்குப் போய்த்தான் 1964இல் அந்த நோயோடு தொடர்புள்ள எப்ஸ்டீன்-பார் வைரஸ் வெளியே தெரிந்தது.

அந்தக் குழந்தைகளின் பெயர் யாருக்குத் தெரியும்? வின்கிரிஸ்டினால் என் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது, ரவிக்கைக் கொக்கியைப் போட முடியவில்லை, இந்தப் பதிவை அடித்து முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு எழுத்துக்கும் அந்தப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். 2016இல் உகாண்டா முழுமைக்கும் ஒன்றே ஒன்றாக இருந்த கதிர்வீச்சு இயந்திரம் பழுதாகி நின்றது. புதியது வேலை செய்யத் தொடங்க 2018 ஆனது. உலகத்துக்குப் பாடம் கொடுத்த நாட்டின் நிலைமை அது. நான் செய்வதைத் தருமம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். என் மனசில் அது கடன்.

ஒருவர் 1972ஐ இழுத்திருந்தார். அப்போது உகாண்டாவை ஆண்ட சர்வாதிகாரி இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னதை. அமீன் கொன்று குவித்தது பெரும்பாலும் உகாண்டா மக்களைத்தான். அவன் செய்ததற்குப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை கதவில்லாத கழிப்பறையில் நிற்க வேண்டுமா? இதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல என்னிடம் தெம்பில்லை.

புற்றுநோய்க்காரி புற்றுநோய்க்குத்தானே வசூல் செய்ய வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் 1980இல் செயற்கைக் காலோடு கனடாவில் 143 நாள் ஓடினார், புற்றுநோய் ஆராய்ச்சிக்காக. கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர் மனசு அங்கே இருந்தது, என் மனசு ஜிஞ்சாவில் இருக்கிறது. கென்யாவில் கிமானி மருகே என்று ஒரு தாத்தா, 2004இல் 84 வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர். அடுத்த வருஷம் ஐ.நா. வரைக்கும் போய் இலவசக் கல்விக்காகப் பேசினார். 2009இல் இறந்தது வயிற்றுப் புற்றுநோயால். அவர் பெயரைச் சொன்னால் எனக்கு அந்த அரைக்கால் சட்டைச் சீருடைதான் கண்முன் வருகிறது. நோய் வந்ததாலேயே ஒருவர் வாழ்க்கை முழுக்க நோயைப் பற்றியே ஆகிவிட வேண்டுமா?

ஒரு தம்பி மட்டும் நியாயமாகக் கேட்டிருந்தார். கறுப்புக் குழந்தைகளின் வறுமையைக் காட்டிக் காசு திரட்டுவது அவர்களை அவமானப்படுத்துவது இல்லையா, வெளியிலிருந்து போகிறவர்கள் எல்லாம் காப்பாற்ற வந்தவர்கள் மாதிரி நடந்துகொள்வது சரியா என்று. தம்பி, இந்தக் கேள்வி எனக்கும் உண்டு. அதனால்தான் ஒரு குழந்தையின் முகத்தைக்கூட நான் போடவில்லை. என்ன வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள், என் நூலகத்தை நான் விட்டுவிட்டேன். பணம் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு நேரே போகிறது, மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. அதில் ஒருவர் களி கிண்டும் அம்மா. இதுவும் போதாது என்றால் போதாதுதான். அரசு செய்ய வேண்டிய வேலை என்பதும் எனக்குத் தெரியும். அரசு செய்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை வளராமல் இருக்காதே.

இப்போது அந்தப் படம். மஞ்சள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும் படம். அதைப் போட்ட பிறகு பணம் அதிகமாக வந்தது உண்மை. இந்த அம்மா இருக்கப்போவது இன்னும் எத்தனை நாளோ என்று நினைத்துக் கொடுத்தவர்களும் உண்டு, எனக்குத் தெரியாமல் இல்லை. அதை நினைத்தால் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. ஆனால் அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டீர்களா?

எனக்கு நோய் என்று கேள்விப்பட்டதும் அந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டிருக்கிறார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள், சந்தையில் தக்காளி விற்கிறவர்கள், போடா-போடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். 62,000 ஷில்லிங் சேர்த்திருக்கிறார்கள். எங்கே அனுப்புவது என்று தலைமை ஆசிரியை கேட்டபோது நான் பதறிப்போய், வேண்டாம், கழிப்பறைக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள் என்றேன். அந்த அம்மாவுக்குக் குரல் மாறிவிட்டது. "நீங்கள் கொடுத்தால் நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் கொடுத்தால் நீங்கள் வாங்க மாட்டீர்களா?" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போனது. இன்றைக்கு இந்தக் குரல்பதிவு எனக்குச் செய்ததை, அன்றைக்கு நான் அவர்களுக்குச் செய்யப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பணத்தில் ஜிஞ்சா சந்தையில் கிடெங்கே என்கிற பூவேலை அச்சிட்ட பருத்தித் துணி ஒன்றை வாங்கி, விடுமுறைக்கு வந்த எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினார்கள். முடி கொட்டினால் அங்கே பெண்கள் இப்படித்தான் கட்டுவார்கள் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். படத்தில் நீங்கள் பார்த்தது அந்தத் துணிதான் அண்ணே. நான் கட்டியது உங்களிடம் இரக்கம் வாங்க இல்லை. துணி வந்து சேர்ந்தது என்று அவர்களுக்குக் காட்ட.

இதுவரை சேர்ந்தது ஒரு கோடியே 90 லட்சம் உகாண்டா ஷில்லிங். கோடி என்றதும் யாரும் மலைக்க வேண்டாம், ஷில்லிங்கின் மதிப்பு சின்னது. ஐந்து அறைக் கழிப்பறை, பக்கத்தில் ஒரு மழைநீர்த் தொட்டி. குழி வெட்டிச் சுவர் எழுப்பியாயிற்று, கூரைத் தகரம் வந்து இறங்கிவிட்டது.

அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த ஊசி வரும் செவ்வாய்க்கிழமை. அதற்குள் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். சளி இருமல் இருந்தால் மட்டும் வராதீர்கள். செவ்வாய்க்குப் பிறகு என்றால் இரண்டு வாரம் ஆகும், வெள்ளணு இறங்கிவிடும், என்னை யாரையும் பார்க்க விடமாட்டார்கள். நோட்டு மேஜை மேலேயே இருக்கிறது, ரசீதெல்லாம் தேதி வாரியாக ஒட்டி வைத்திருக்கிறேன். பக்கம் பக்கமாகப் பாருங்கள். மூன்று கதவுக்குக் கணக்கு முடிந்துவிட்டது. இரண்டு கதவுக்கு இன்னும் பணம் சேரவில்லை.