மருந்தைக் காட்டியவர் டொமகயா

வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கான ஊசியிலை மரக் கஷாயத்தைப் பிரெஞ்சு மாலுமி ழாக் கார்த்தியே கண்டறிந்தார் என்று ஸ்கர்வி பற்றி வந்த ஒரு கட்டுரை கூறுவது சரியன்று. 1535-36 குளிர்காலத்தில், கனடாவில் இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் ஸ்டாடகோனா என்ற ஊர் அருகே பனியில் சிக்கிய அவருடைய 110 பேரில் 25 பேர் ஈறு அழுகியும் கால் வீங்கியும் இறந்த பிறகு, அதே நோயிலிருந்து சில நாள்களில் மீண்டிருந்த இரோகுவாயப் பழங்குடி இளைஞர் டொமகயாதான் ‘அன்னெடா’ என்ற மரத்தைக் காட்டினார். பட்டையையும் இலையையும் கொதிக்க வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிக்க வேண்டும், சக்கையை வீங்கிய காலில் வைத்துக் கட்ட வேண்டும் என்று அளவும் முறையும் சொல்லித் தரப்பட்டது. எட்டு நாள்களுக்குள் ஒரு முழு மரமே தீர்ந்துபோயிற்று. ஸ்கர்விக்கு எலுமிச்சை பலன் தரும் என்று காட்டிய பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்டின் சோதனை நடந்ததோ 1747இல்தான். அந்த மரம் வெள்ளை சிடாரா, பால்சம் ஃபிர்ரா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆகவே கட்டுரையோடு வந்த ‘வீட்டிலேயே சிடார் தேநீர்’ என்ற பெட்டிச் செய்தியைத் தவிர்த்திருக்கலாம். வெள்ளை சிடார் இலையிலுள்ள துஜோன் என்ற வேதிப்பொருள் மிகுந்தால் வலிப்பு வரும். கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்று: 1536 மே மாதம் கார்த்தியே அதே டொமகயாவையும் ஸ்டாடகோனாவின் தலைவர் டொன்னகோனாவையும் பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுசென்றார்; இருவரும் ஊர் திரும்பவேயில்லை.