புதன் பூமியில் மோதுமா: ஒரு திருத்தம்

புதன் கோள் பூமியில் மோதுவது கணினி உருவகப்படுத்தலில் உறுதியாகிவிட்டதாக ஒரு பதிவு சொல்கிறது. அப்படி உறுதியாகவில்லை, நண்பரே. லாஸ்கர், காஸ்டினோ என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வில், புதனின் தொடக்கப் பாதையை மில்லிமீட்டருக்கும் குறைவாக மாற்றி மாற்றி 2,501 முறை கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றும் 500 கோடி ஆண்டுகளுக்கு. சுமார் 1 சதவீதக் கணக்கீடுகளில்தான் வெள்ளியுடனோ சூரியனுடனோ மோதலுக்கு இடம் தரும் அளவுக்குப் புதனின் பாதை நீண்டது.

கட்டுரையின் சுருக்கத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். இப்படிக் கணக்கீட்டை நீங்களே ஓட்டிப் பார்க்க, கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் ரீபவுண்ட் என்ற இலவச மென்பொருள் போதும். புதனின் ஆண்டு 88 நாள்தான் என்பதால் காலப்படி, அதாவது கணக்கின் ஒவ்வொரு அடிக்குமான கால இடைவெளி, சில நாட்களுக்குள் இருக்கட்டும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு தரும் திருத்தத்தை மறக்காமல் சேருங்கள். அது இல்லாமல் ஓட்டினால் புதனின் பாதை குலையும் வாய்ப்பு பாதிக்கு மேல் எகிறிவிடும்.