4x4 பிக்கப்புக்கும் செயின் வேண்டும்

நான்கு சக்கர இயக்கமும் (4x4) ஸ்னோ டயரும் உள்ள பிக்கப் டிரக்கில் கலிஃபோர்னியாவின் மலைப்பகுதியான லேக் டஹோவுக்குப் போனால் செயின், அதாவது பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் சங்கிலி, எடுத்துப் போகவே தேவையில்லை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

கலிஃபோர்னியாவில் பனி பெய்யும் சாலைகளில் செயினைக் கட்டாயமாக்கும் செயின் கட்டுப்பாடு ஆர்-1, ஆர்-2, ஆர்-3 என, படிப்படியாகக் கடுமையாகும் மூன்று நிலைகளில் வரும். ஆர்-2 வரை, நான்கு சக்கரத்திலும் ஸ்னோ டயர் உள்ள 4x4 வண்டிகள் செயினை மாட்ட வேண்டியதில்லை. இது சரிதான். ஆனால் கட்டுப்பாடு உள்ள பகுதிக்குள் போகும்போது செயின் வண்டியில் இருந்தே ஆக வேண்டும். மாட்டுவதற்குத்தான் விலக்கு, வைத்திருப்பதற்கு இல்லை. குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். ஆர்-3 என்றால் எந்த வண்டிக்கும் விலக்கு கிடையாது. அந்த நிலை அபூர்வம், பெரும்பாலும் அதற்கு முன்பே சாலையை மூடிவிடுவார்கள்.

நீங்களே சரிபார்க்கலாம். கலிஃபோர்னியா மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸின் இணையதளத்தில் செயின் கட்டுப்பாடு பற்றிய பக்கத்தில், ஆர்-2 விளக்கத்தோடு செயின் வண்டியில் இருக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது. அன்றைய சாலை நிலவரத்துக்கு அவர்களுடைய குவிக்மேப் என்ற இணைய வரைபடம் போதும். அப்புறம், டயரின் பக்கவாட்டில் ஸ்னோ டயரைக் காட்டும் எம் பிளஸ் எஸ் (M+S) எழுத்தோ, மலைக்குள் பனித்துகள் குறியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஆர்-2 விலக்கும் உங்களுக்குப் பொருந்தாது.

டஹோ பக்கத்து மலைப்பாதையான டானர் கணவாய்க்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். குழந்தைகளோடு பாதி வழியில் திரும்ப வேண்டாமே.