சுவரை விடுங்கள், தாளைப் பாருங்கள்

சனிக்கிழமை என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அரங்கில் இல்லாதவர்களுக்கும் அந்த முப்பது விநாடிக் காணொளி போய்ச் சேர்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஒரே வரி: ஓவியர் ஜூல் பாஸ்கினைப் பற்றி அரங்கில் படங்களோடு பேசிக்கொண்டிருந்தேன், பாதியில் நிறுத்திவிட்டார்கள். "மேடம், நேரமாகிறது, நேராக அந்தத் தற்கொலைக்கு வந்துவிடுங்கள்" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னபோது திரையில் இருந்தது பாஸ்கினின் ஓர் எட்சிங், அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்துத் தாளில் அச்செடுத்த படம். ஒரு பெண் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருக்கிறாள். தோளிலிருந்து இறங்கும் கோடு முழங்கைக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடுகிறது. மீதிக் கையை நம் கண் வரைந்துகொள்கிறது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

எனக்குக் கோபமில்லை. சரி, கோபம்தான். ஆனால் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: ஜூல் பாஸ்கின் எப்படிச் செத்தார் என்று கேட்டது போதும், எப்படி வரைந்தார் என்று பாருங்கள்.

1885-ல் டான்யூப் கரையில் விடின் என்ற பல்கேரிய ஊரில் தானிய வியாபாரி வீட்டில் பிறந்தவர். குடும்பப் பெயர் பின்காஸ். 1905-ல் ஜெர்மனியின் சிம்ப்ளிசிசிமஸ் என்ற அங்கத இதழுக்கு வரையத் தொடங்கியபோது, இந்த மாதிரிப் படங்களுக்கு அடியில் நம் பெயர் வரக்கூடாது என்று அப்பா மறித்தார். மகன் அதே எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டு பாஸ்கின் ஆகிவிட்டார். இருபது வயதில் அப்பாவுக்கு இதைவிடப் பணிவாகப் பதில் சொல்ல முடியுமா என்ன?

"சிறுவயதிலேயே புகாரெஸ்ட் போனவர், பாரிஸில் வாழ்ந்தவர், 1920-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனவர். இவரைப் பல்கேரியர் என்பது சரியா?" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். 1914-ல் போர் மூண்டபோது, பல்கேரியப் படையில் சேர வேண்டிவரும் என்றுதான் மனிதர் கப்பலேறி அமெரிக்கா போனார். படைக்கு ஆள் பிடிக்கும்போது பல்கேரியர், பாராட்டும்போது மட்டும் இல்லையோ?

வேலைக்கு வருகிறேன். மென்மெழுகு எட்சிங் என்று ஒரு முறை உண்டு. பாஸ்கின் கைக்கு அது அப்படிப் பொருந்தும். செப்புத் தகட்டில் கொழுப்புக் கலந்த பிசுபிசுப்பான மெழுகைப் பூசி, மேலே மெல்லிய தாளை விரித்து, அதன்மீது பென்சிலால் வரைய வேண்டும். தாளைத் தூக்கினால் அழுத்திய இடத்து மெழுகெல்லாம் தாளோடு வந்துவிடும். அங்கே அமிலம் தகட்டை அரிக்கும். கோடு ஊசியால் கீறியதுபோலக் கூர்மையாக விழாது. பென்சில் கோடுபோல மணல்மணலாக விழும். கை தயங்கியது, அவசரப்பட்டது எல்லாம் அதில் தெரியும். உள்ளங்கை தவறிப் பட்டால் அதுவும் பதிந்துவிடும். அவருடைய எண்ணெய் ஓவியங்களும் இதே குணம்தான். வண்ணத்தை நீர்போல இளக்கி, சிப்பியின் உட்புறம்போல மினுங்க விட்டு, அடியிலிருக்கும் கோட்டை மறைக்காமலே விட்டுவிடுவார்.

இதைச் சொல்ல எனக்கு ஆறு நிமிடம் போதும். அந்த ஆறு நிமிடம்தான் கிடைக்கவில்லை.

எனக்கு இது புதிதல்ல. சில வருடங்களுக்கு முன் என் எட்சிங் ஒன்றை வாங்க ஒருவர் வந்தார். ஓரத்தில் பென்சிலால் 3/15 என்று எழுதியிருந்தேன், ஒரே தகட்டிலிருந்து கையால் எடுத்த பதினைந்து அச்சில் இது மூன்றாவது என்று பொருள். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது மூன்றாவது காப்பி, சரி. ஒரிஜினல் எங்கே?" என்றார். இதுதான் ஒரிஜினல், பதினைந்தும் ஒரிஜினல் என்றேன். ஜெராக்ஸ் கடைக்காரி ஏமாற்றுவதுபோல என்னைப் பார்த்தார். மல் துணியால் தகட்டைத் துடைத்துத் துடைத்து மூன்று நாட்களாக நகக்கண்ணில் ஏறியிருந்த மையை அவர் முன்னால் நீட்டவா முடியும்? தகட்டை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. தேநீர் கொடுத்தேன்.

"மரணமும் வரலாறுதானே, மறைக்கச் சொல்கிறீர்களா?" என்பார்கள். மறைக்கவில்லை. 1930 ஜூனில், நாற்பத்தைந்து வயதில், தனிக் கண்காட்சி ஒன்று திறக்கவிருந்த வேளையில் உயிரை மாய்த்துக்கொண்டார். குடியும் மனச்சோர்வும் இருந்தன. சொல்லிவிட்டேன். எப்படி, சுவரில் என்ன இருந்தது என்பதை எழுத மாட்டேன். அதைக் கேட்டவர்களில் ஒருவர்கூட ஒரு படத்தின் பெயரைக் கேட்கவில்லை.

"விலைமகளிரையும் ஏழைப் பெண்களையும் மாடலாக்கி வரைந்தவர்தானே?" என்பது நியாயமான கேள்வி. எனக்கும் சில படங்களின் முன்னால் சங்கடம் வருவதுண்டு. பதில் என்னிடம் முழுதாக இல்லை. ஆனால் சனிக்கிழமை யாரும் இதைக் கேட்கவில்லையே! கேட்டிருந்தால் சந்தோஷமாக ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன்.

இறுதி ஊர்வலத்தில் அவர் குடித்த மதுக்கடைகளின் பணியாளர்கள் கறுப்பு உடையில் பெட்டியின் பின்னால் நடந்தார்கள், அன்று பாரிஸில் கலைக்கூடங்கள் மூடிக் கிடந்தன... பாருங்கள், நானும் சாவுக்கே வந்துவிட்டேன். இந்தக் கதைக்கு அப்படி ஓர் இழுப்பு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

இன்னொன்று. எல்லோரும் உருகும் அந்தக் காதல் கதையில் பாஸ்கினின் காதலி லூசி க்ரோக் வருகிறார். எர்மின் தாவீத் வருவதில்லை. பாஸ்கினின் மனைவி என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பாஸ்கின் உயிலில் சொத்தை இருவருக்கும் சமமாக எழுதினார். கதை சொல்கிறவர்களுக்கு அந்த நியாயமும் இல்லை. எர்மின் ஓவியர், அச்சோவியர். உலர் ஊசி முறையில், அமிலமே இல்லாமல், நேராகச் செம்பைக் கீறி வேலை செய்தவர். கணவர் போன பிறகு நாற்பது வருடம், 1970 வரை வாழ்ந்தார். அந்த நாற்பது வருடத்தைப் பற்றி யாரும் கூட்டம் போடுவதில்லை, ஏனென்றால் அவர் தற்கொலை செய்துகொள்ளவில்லை. உயிரோடு இருந்து வேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணிடம் கதை இல்லை, அப்படித்தானே? என்னிடமும் இல்லை.

நான் கொண்டுபோனது முப்பத்தெட்டுப் படங்கள். பதினேழாவதில் நிறுத்தினார்கள். மீதி இருபத்தொன்றையும் இன்றிரவு முதல் இங்கே ஒவ்வொன்றாகப் போடுகிறேன். முதலில் எர்மின்.